கிண்ணத்தின் மேல் ஒரு ரூலர்

பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைக் கட்டையில் நான் குடைந்த கிண்ணம் அது. கோலாலம்பூரிலிருந்து மரவேலை சொல்லித்தர வந்திருந்த ஆசிரியர் அதன் வாய்க்குக் குறுக்கே தன் மர ரூலரை வைத்தார்.

“வாயோட அகலத்துல மூணுல ஒரு பங்குதான் அடி இருக்கணும்மா. டிசைன் விதி அது. இன்னும் கொஞ்சம் சீவுங்க.”

ரூலர் படுத்திருந்த விதத்தைப் பார்த்ததுமே நான் நினைவில் ரிங்லெட் ஊர்ப் பக்கத்து எஸ்டேட் சரிவுக்கு, என் சின்ன வயதுக்குப் போய்விட்டேன்.

அங்கே தேயிலைச் செடியின் தலைமேல் ஒரு நீளக் குச்சியைப் படுக்க வைத்து, அதற்கு மேலே நிற்கும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். செடி மட்டமாக இருக்க, வேலை வாங்கும் கங்காணி போட்ட சட்டம். கிள்ளும்போது அம்மா தனக்குக் கொடுத்த குச்சியைத் தொடவே மாட்டாள். பனியில் நனைந்த செடியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். பிறகு விரல்கள் தாமாக ஓடும்.

ஒரு நாள் கங்காணி கத்தினார். “குச்சி எங்க? ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி உன்னைப் புல்லு வெட்ட அனுப்பிடுவேன்!”

“அனுப்புங்க லா. மலையே சாஞ்சு கெடக்கு, செடி மட்டும் எப்படி மட்டமா நிக்கும்?”

மூன்று மாதம் புல் வெட்டினாள். குச்சியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. கங்காணி கத்திய அன்று சாயங்காலமே அது எங்கள் வெந்நீர் அடுப்பில் எரிந்தது. அந்த வெந்நீரில்தான் நான் குளித்தேன்.

இங்கே ஆசிரியர் காத்திருந்தார். கிண்ணத்தின் அடியைத் தடவிப் பார்த்தேன். வேர் முறுக்கி அகலும் இடம். அங்கே சீவ என் கை சம்மதிக்கவில்லை. உளியைக் கீழே வைத்தேன்.

“கிண்ணம் முடிஞ்சிருச்சு சார். ரூலரை எடுத்துக்குங்க. எங்க வீட்ல வெந்நீர் அடுப்பு இன்னும் இருக்கு.”