பதினேழாம் நம்பர்

என் கணவருக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாளே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். நாலு பிள்ளைகளோடு இருந்தால் மனசு மாறும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாறவில்லை. தென்காசியில் டவுன் பஸ் ஏறுவேன், மேலகரத்தில் இறங்குவேன், பிரார்த்தனை, வருகை, கணக்குப் பாடம், சத்துணவு, மறுபடி கணக்கு, மறுபடி பஸ். இப்படியே இரண்டு வருஷம் கடனே என்று போனது. யார் என்ன சொன்னாலும் 'ம்' என்பேன். அந்த ஒரு எழுத்தில் குடும்பமே நடத்தலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மிச்சம் இருந்தது கோபம் ஒன்றுதான். சாக்பீஸ் உடைந்தால் கோபம், பென்சில் சீவும் சத்தம் கேட்டால் கோபம். அதுவும் சர்ரென்று எழுந்து உடனே அடங்கிவிடும். பிள்ளைகள் பயந்த மாதிரியும் தெரியவில்லை.

இந்த எட்டாம் வகுப்புக்கு, அவர்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோதிருந்தே நான்தான் வகுப்பாசிரியர். முன்பெல்லாம் பேர் சொல்லித்தான் வருகை எடுப்பேன். பிறகு நம்பருக்கு மாறிவிட்டேன். பேர் சொன்னால் முகம் ஞாபகம் வரும், முகம் வந்தால் ஏதாவது கேட்கத் தோன்றும். நம்பரில் அந்தத் தொல்லை கிடையாது. ஒன்று என்றால் உள்ளேன் டீச்சர், இரண்டு என்றால் உள்ளேன் டீச்சர். வருகையைக் கைப்பேசியிலும் ஏற்றி அனுப்ப வேண்டும். எங்கள் வகுப்பில் ஜன்னலோரம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டியபடி நம்பர் சொல்லிக்கொண்டே விரலால் தட்டிவிடுவேன். பாடமும் கரும்பலகையைப் பார்த்துத்தான் நடத்துவேன். இப்படிக்கூட ஒருத்தி சம்பளம் வாங்கலாமா என்று கேட்டால் வாங்கலாம், நான் வாங்கினேன்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோதே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் சீசன், ரோடெல்லாம் கேரளா வண்டி. ஒரு வியாழக்கிழமை கைப்பேசியில் சார்ஜ் இல்லை. தலைமையாசிரியர் அறையில் அதைச் செருகிவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஜன்னலுக்குப் போக வேலை இல்லாததால் மேஜைக்கு முன்னால் நின்று நம்பர் சொன்னேன்.

பதினாறு. உள்ளேன் டீச்சர். பதினேழு. உள்ளேன் டீச்சர். பதினெட்டு. உள்ளேன் டீச்சர்.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் வாயைத் திறந்தது ஒரே பிள்ளை. குரலைக்கூட மாற்றவில்லை. தலையைக் குனியவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஏட்டி, பதினேழு எங்க?" என்றேன்.

"வரல டீச்சர்."

"எத்தன நாளா?"

"இன்னைக்கோட பதிமூணு நாளு."

பதிமூன்று நாளும் அவள் வந்திருப்பதாக நான் போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இது வெளியே தெரிந்தால் எனக்கு மெமோ வருமே என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் விசாரித்தேன்.

பதினேழாம் நம்பருடைய அப்பாவுக்கு மேலகரத்தில் சொந்தமாக ஒன்றும் இல்லை. சீசனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை போடுவார், மற்ற மாதம் கிடைத்த வேலைக்குப் போவார். அம்மா படியில் விழுந்து கால் ஒடிந்து வீட்டில் கிடக்கிறாள். அதனால் பிள்ளை கடையில் நிற்கிறது.

"சீசன் முடிஞ்சதும் டிசி வாங்கிட்டு திருப்பூர்ல அத்த வீட்டுக்கு அனுப்புதாவளாம் டீச்சர். அங்கன பனியன் கம்பெனில சேத்து விட்டுருவாவளாம். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவுக அப்பா சொல்லிருக்காவ."

ஒரு பிள்ளை நாலு நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. என் நோட்டுப்படி அவள் ஒரு நாள்கூட விடவில்லை. அதனால் யாரும் போகவில்லை. நான் அப்படியே தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்ததா என்றால், இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். ஐந்தருவிக்குப் போகும் ரோட்டோரம், தார்ப்பாய்க்குக் கீழே அந்தக் கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். பதினேழாம் நம்பர் ஈரப் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குளித்துவிட்டு வருகிறவர்களைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக என் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க டீச்சர். பழம் எடுத்துக்கோங்க."

நல்லா நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். உட்கார்ந்ததும் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். சரி, பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். பொண்டாட்டி கால், ஆஸ்பத்திரி, போன வருஷம் சாரல் சரியாக இல்லாதது, இந்த சீசனுக்குப் பிறகு வேலை கிடைக்குமோ என்னவோ. ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்பது அவ்வளவு வேலை பிடித்த காரியம் என்று மறந்தே போயிருந்தது, கழுத்து வலித்தது.

"நான் என்ன அவள கட்டாயப்படுத்தியா அனுப்புதேன்? போறியாட்டின்னு கேட்டேன். அவளும் சம்மதிச்சிட்டா."

"என்ன சொன்னா?"

"ம்-னா."

அந்த 'ம்' எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது உள்ளே எப்படி இருக்கும் என்றும் தெரியும். ஒன்றுமே இருக்காது.

"அண்ணாச்சி, அது சம்மதம் இல்ல," என்றேன். "நானும் ரெண்டு வருசமா எல்லாத்துக்கும் ம்-னுதான் சொல்லிட்டுத் திரியுதேன். நீங்க இன்னொரு தடவ கேளுங்க. கேட்டுட்டு, அவ பேசுத வரைக்கும் சும்மா இருங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் பழத்தை அடுக்குகிற மாதிரி எடுத்து எடுத்து வைத்தாள். விலை கேட்டு வந்த ஒருவர், யாரும் பதில் சொல்லாததால் போய்விட்டார். வெகுநேரம் கழித்து, "எனக்குப் பள்ளிக்கூடம் போகணும்பா," என்றாள். அருவிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாப்போம் டீச்சர்," என்றார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பை நிறைய ரம்புட்டான் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பேர் சொல்லி வருகை எடுத்தேன். முதல் பேருக்கு உரிய பையன் பதிலே சொல்லவில்லை, திட்டப்போகிறேன் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு பேரையும் சொல்லி, அந்த முகத்தைப் பார்த்து, பதில் வந்த பிறகுதான் அடுத்த பேருக்குப் போனேன். ஒருத்திக்கு ஜலதோஷம், இன்னொருத்தன் அழுதிருக்கிறான். முடிக்க ரொம்ப நேரம் ஆனது. பதினேழாம் பேரைச் சொன்னபோது பதில் இல்லை. பதினெட்டாம் நம்பர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். செவ்வாயும் அப்படித்தான். இரண்டு நாளும் 'வரவில்லை' என்று போட்டேன்.

புதன்கிழமை அந்தப் பேரைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது, வாசலில் இருந்து "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தது. தலையெல்லாம் சாரல். சனி ஞாயிறு மட்டும் கடைக்கு வந்தால் போதும் என்று அப்பா சொன்னாராம், திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லையாம். எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் பொய். நின்றுகொண்டிருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

மணி அடித்தபிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டேன். என் கோபம் இன்னும் பாக்கி இருந்தது. "கூறு கெட்டவளுகளா, எதுக்குட்டி என்ன ஏமாத்துனீய? வரலன்னு விட்டுருந்தா நான் அப்பவே வீட்டுக்கு வந்திருப்பேம்லா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினேழுதான் பேசினாள்.

"போன வருசம் ஒருத்தன் ஒரு மாசம் வரல டீச்சர். நீங்க தெனமும் வரலன்னு போட்டீய. ஏன்னு கேக்கல. ஏமாத்துனா கோவப்படுவீய, கோவப்பட்டா வீட்டுக்கு வருவீயன்னு நான்தான் இவள்ட்ட சொல்லி விட்டேன். மொத நாளே கண்டுபிடிச்சிருவீயன்னு நெனச்சோம்."

"குரல மாத்தாம சொல்லுன்னா டீச்சர்," என்றாள் மற்றவள். "தெனமும் சாயந்திரம் நான் கடைக்குப் போனதும் கேப்பா, கண்டுபிடிச்சிட்டாங்களான்னு. இல்லட்டின்னு சொல்லுவேன்."

வாயில் 'ம்' வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நோட்டை மூடி வைத்தேன். பக்கத்து பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்கட்டி," என்றேன். "போன வருசம் வராம போனவன் யாரு? அவன் இப்ப எங்க இருக்கான்? சொல்லுங்க."