திரும்பிப் போகாத தட்டு

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை மீன் சட்டி உடைந்தது.

தானாக ஒன்றும் உடையவில்லை. நான்தான் உடைத்தேன்.

நாலு வருஷம் பழகிய மண்சட்டி. வாங்கிய புதிதில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பழக்கியது. உள்பக்கம் கறுத்து மினுமினுவென்று இருக்கும். புளியையும் மிளகாயையும் கரைத்து ஊற்றினால் போதும், பாதி ருசியைச் சட்டியே கொடுத்துவிடும். அஸர் தொழுதுவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிற நேரமாயிற்றே என்று அவசரமாகக் கழுவப் போனேன். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தூக்கினேன், அல்லாஹ் சாட்சி. ஆனாலும் கை வழுக்கி… டமார்!

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இப்பம் எது?" என்றார்.

"மீன் சட்டி."

"காலையில ஒரு சத்தம் கேட்டுதே?"

"அது வெறும் கிளாஸு. அதெல்லாம் சேக்காதீங்க."

"சரிளா. இந்தப் பெருநாளைக்கு துணிக்கடைக்குப் போகாண்டாம். நேரா பாத்திரக் கடைக்குப் போயிருவோம்."

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் கையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மகன் அபுதாபியிலிருந்து கொண்டுவந்த டீ கப்புகள் ஆறும் போன கதையை எழுதியிருக்கிறேன். ஊறுகாய் ஜாடி போன கதையையும் எழுதியிருக்கிறேன். "எனக்கும் இதே வியாதிதான் அக்கா" என்று உங்களில் எத்தனை பேர் கடிதம் போட்டீர்கள்!

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பிடித்த பாத்திரம்தான் உடையும். யாரோ எப்போதோ கொடுத்த, பச்சைப் பூப் போட்ட மெலமைன் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்தாலே சாப்பாடு இறங்காது. கீழே விழுந்தால் எம்பிக் குதித்துவிட்டு அப்படியே கிடக்கிறது. கியாமத் நாள் வரைக்கும் இருக்கும் போல. ஏன் இப்படி? பிடித்ததைத்தானே தினமும் கையில் எடுக்கிறோம். எடுக்காத பாத்திரம் எப்படி உடையும்?

இத்தோடு இந்த வாரத்தை முடித்திருப்பேன். ஆனால் உடைந்த சட்டியை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. முறத்தோடு போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் மைமூன்.

மைமூனைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை. உடைத்த பாத்திரம் ஒன்று விடாமல் எழுதியவள், ஒரே ஒரு தட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இங்கே பேட்டையில், எங்கள் வீட்டுக்கும் மைமூன் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நெஞ்சு உயரம்தான் இருக்கும். பதினோரு வருஷம் அந்தச் சுவருக்கு மேலேதான் எங்கள் குடித்தனம் நடந்தது. அவள் வீட்டு ஆட்டுக்கால் இந்தப் பக்கம் வரும். என் வீட்டு இடியாப்பம் அந்தப் பக்கம் போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அதனால் பாத்திரங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும். எது யார் வீட்டுப் பாத்திரம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே பாதி நேரம் தெரியாது.

என் கை தெரிந்தவள் அவள். அதனால் எனக்கு வருவதெல்லாம் எவர்சில்வரில்தான் வரும். ஒரு நாள் சண்டைக்குப் போனேன்.

"ஏளா மைமூனு, எதுத்த வீட்டுக்கெல்லாம் பீங்கான்ல போகுது. எனக்கு மட்டும் சில்வரா? நான் என்ன கொறஞ்சவளா?"

"ஒன் கை அப்படி. சில்வர்னா நசுங்கும், உடையாது."

"அப்பம் என்னைய நம்பல."

"யா அல்லாஹ், விடமாட்டா போலயே! நம்புதேன் தாயி, நம்புதேன்."

அந்தப் பெருநாளைக்கு, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் பீங்கானில் வந்தது. சும்மா பீங்கான் இல்லை. அவளுடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது அவளுடைய உம்மாவுக்கு ஆசையாக வாங்கி வந்த குழித்தட்டு. வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நீலக் கோடு, நடுவில் ஒரே ஒரு ரோஜாப்பூ. வட்டிலப்பம் குறையக் குறைய அந்தப் பூ மெல்ல எட்டிப் பார்க்கும். அதற்காகவே அடி வரைக்கும் வழித்துச் சாப்பிட்டோம்.

கழுவும்போது உடையவில்லை. பத்திரமாகக் கழுவினேன். துடைத்தேன். அலமாரியில் வைக்கலாம் என்று திரும்பினேன். கதவுக் கொண்டியில் முழங்கை இடித்தது.

ரோஜாப்பூ மூன்று துண்டு.

அந்த நிமிஷமே சுவருக்குப் போய், "மைமூனு, உடைச்சிட்டேன்ளா" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பாள். அழுதிருப்பாள். மறுநாள் மறுபடியும் எவர்சில்வரில் ஏதாவது வந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் நான் என்ன செய்தேன்? துண்டுகளைப் பழைய சேலையில் முடிந்து பரணில் வைத்துவிட்டு, அதே மாதிரித் தட்டு தேடிக் கடை கடையாக அலைந்தேன்.

டவுனில் ஒரு பாத்திரக் கடை அண்ணாச்சி நான் சொன்ன அடையாளத்தையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, அது பழைய சிலோன் பீங்கான்லா? இப்பம் யாரு விக்கா? இந்தா, இது வாங்கிட்டுப் போங்க. கீழ போட்டாலும் உடையாது."

உடையாததை வைத்து நான் என்ன செய்ய?

நாலு நாள் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மைமூன் கேட்டாள். "ஏளா, தட்டு எங்க?"

"வெறும் தட்டாவா தருவாங்க? கடல்பாசி ஊத்தித் தாரேன், பொறு" என்றேன். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி உறைய வைக்கிற இனிப்பு அது.

அடுத்த வாரம் கேட்டாள். "கடல்பாசி சரியா உறையலளா" என்றேன். பிறகும் கேட்டாள். பால் திரிந்துவிட்டது என்றேன். பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்ற நல்ல பழக்கத்தையே என் பொய்க்குப் போர்வையாக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் போகவே பயம். துணி காயப்போடக்கூட மொட்டை மாடிக்குப் போனேன்.

அடுத்த வருஷம் அவர்கள் மேலப்பாளையத்தில் சொந்த வீடு கட்டிப் போனார்கள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது கடைசியாக ஒரு தடவை வந்து கேட்டாள். "பத்திரமா இருக்கு மைமூனு. நானே கொண்டுட்டு வாரேன்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுடைய உம்மா மவுத்தாகிவிட்டார்கள். தகவல் வந்ததும் ஓடினேன். பஸ்ஸைவிட்டு இறங்கி அவள் தெருமுனை வரைக்கும் போய்விட்டேன். உம்மாவின் தட்டை உடைத்துவிட்டு, அந்த உம்மாவின் மய்யித்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். நோன்பு மாதத்தில் கடல்பாசி ஊற்றும்போது, இன்றைக்கும் ஒரு கிண்ணம் கூடுதலாக ஊற்றிவிடுகிறேன். மனசுக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை.

தொழுகையில் அழாமல் இல்லை. ஆனால் மனுஷருக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷர்தான் பொறுக்க வேண்டும் என்று மார்க்கப் பயானில் ஹஜரத் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும். தட்டு அமானிதம். அவள் நம்பிக் கொடுத்தது. முறையாகப் பார்த்தால் நான்தான் அவள் வாசலுக்குப் போயிருக்க வேண்டும்.

அவள் என் வாசலுக்கு வந்து நின்றாள்.

ஸலாம் சொன்னாள். என் கையிலிருந்த முறத்தைப் பார்த்தாள். "மீன் சட்டியா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

"வெள்ளிக்கிழமை உம்ராவுக்குப் புறப்படுதோம், ஜீனத். தெரிஞ்சோ தெரியாமலோ ஒன் மனசு நோவ நான் ஏதாவது செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கோ."

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்படுகிறவர்கள் இப்படி வீடு வீடாகப் போய்ப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது எங்கள் வழக்கம். "பொறுத்தாச்சு, எங்களுக்கும் துஆ செய்ங்க" என்று பதில் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் எங்கள் இரண்டு பேரில் யார் யாரிடம் கேட்பது?

"மைமூனு… அந்தத் தட்டு உடைஞ்சிட்டுளா."

"தெரியும்."

"எப்படி?"

"சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு மீன் அலசிட்டு இருந்தேன். எனக்குக் காது இல்லியா? தட்டு விழுந்ததும் கேட்டுது. நீ 'யா அல்லாஹ்'ன்னு கத்துனதும் கேட்டுது."

"பொறவு ஏன் தட்டு எங்கன்னு கேட்டே?"

"நீயா சொல்லணும்னுதான். இன்னைக்குச் சொல்லிருவா, இன்னைக்குச் சொல்லிருவான்னு எத்தன தடவ கேட்டேன்! நீ என்னடான்னா கடல்பாசி ஊத்துத, ஊத்துத, ஊத்திக்கிட்டே இருக்க."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தேன். "அப்பம் பொறுத்துட்டியாளா?"

"தட்டுக்கா? அது அன்னைக்கே பொறுத்தாச்சு. தட்டுதானே."

கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"உம்மா மவுத்தான அன்னைக்கு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தேன், ஜீனத். யார் யாரோ வந்தாவ. நீ வரல. தட்டக் கேப்பேன்னு பயந்தியாக்கும்? மய்யித்த வச்சுக்கிட்டு தட்டக் கேக்குற ஆளா நான்? என்னையப் பத்தி ஒன் நெனப்பு அவ்வளவுதானா?"

"தெருமுனை வரைக்கும் வந்தேன் மைமூனு. சத்தியமா வந்தேன்."

"அங்கன வரைக்கும் வந்தவளுக்கு இன்னும் நாலு வீடு தாண்ட முடியலயா?"

தாண்ட முடியவில்லை. அதுதானே உண்மை.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "நான் கேட்டதுக்கு நீ இன்னும் ஒண்ணும் சொல்லலயே."

"பொறுத்தாச்சு. ஒன் மேல பொறுக்க என்னளா இருக்கு? நான் செஞ்சதுக்கு நீ…"

"இப்பம் வாயால பொறுத்தாச்சுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். கஃபாவுக்கு முன்னால நிக்கும்போது மனசு இல்லன்னு சொன்னா என்ன செய்ய? போயிட்டு வந்து சொல்லுதேன். பைய சொல்லுதேன்."

டீ போடுகிறேன் என்றேன். இன்னும் ஒன்பது வீடு பாக்கி என்று சொல்லிப் படி இறங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். கீழே கிடந்த முறத்தை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார்.

அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள் நான். வாய் வார்த்தையாகக்கூடப் பொய் சொல்ல மாட்டேன் என்று போனவள் அவள். இப்படி ஒருத்தியையா ஏழு வருஷம் விட்டு வைத்தேன்?

இதை நான் எழுதும்போது மக்காவில் இருப்பாள். வருகிற வியாழக்கிழமை திரும்புகிறார்கள். உம்ரா போய் வந்தவர்கள் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் வீட்டுக்கும் வரும். இப்போதெல்லாம் தண்ணீர் குட்டி பாட்டிலில் வருகிறது, பழம் கேரி பேக்கில் வருகிறது. வசதிதான். வாங்கி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

அதை நினைத்துத்தான் ஐந்து வேளையும் கையேந்திக்கொண்டிருக்கிறேன். அவளே வர வேண்டும் என்று கேட்கவில்லை. யாரிடமாவது கொடுத்தனுப்பட்டும். மூன்றே மூன்று பழம் இருந்தாலும் போதும். கேரி பேக்கில் மட்டும் வேண்டாம், ரப்பே… அவள் அடுப்படியில் இருக்கிற ஏதாவது ஒரு பாத்திரத்தில் வரட்டும்.

அதைத் திருப்பிக் கொடுக்க நான் போக வேண்டுமே!