கேமராவுக்கு வெட்டிய மடை

விவசாயத்தைப் படம் எடுக்க யூடியூப் சேனல்காரர்கள் வருகிறார்கள் என்றதுமே எனக்குச் சந்தேகம்தான். வந்தவர்கள் கையோடு ஒரு புது வேட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். வயலைப் படம் எடுக்க வேட்டி எதற்கு?

என் கணவர் துபாயில் வேலை பார்த்த வருஷமெல்லாம் எங்கள் நிலத்தை நான்தான் பார்த்தேன். நாற்று விடுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீருக்குப் போய் நிற்பது, எல்லாம் நான். அவர் ஊர் திரும்பி ஒரு போகம்கூட முடியவில்லை.

"அய்யா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்வெட்டியால மடைய வெட்டட்டும். அம்மா, நீங்க தலையில கூடை வச்சு வரப்பு மேல சாப்பாடு கொண்டு வாங்க" என்றான் கேமராக்காரன்.

"இங்க விவசாயம் பாக்குறது நாந்தாங்க."

"தெரியும்மா. ஆனா பாக்குறவங்களுக்கு இப்படி இருந்தாத்தான் புடிக்கும்."

யார் அந்தப் பார்க்கிறவர்கள்? அவர்களை இன்றுவரை எனக்கு யாரும் காட்டவில்லை. கணவர் முகத்தைப் பார்த்தேன். ஊருக்கு வந்த நாளிலிருந்து அதில் இல்லாத சந்தோஷம். ஒழிந்து போகட்டும் என்று கூடை தேடி வீட்டுக்குப் போனேன். நான் வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவது டிபன் பாக்ஸில், ஸ்கூட்டியில்.

அன்று காலைதான் யூரியா தூவி, தண்ணீரைக் கட்டி வைத்திருந்தேன். கூடையோடு திரும்பி வந்தால், அவர் வடிகால் பக்கத்து மடையை வெட்டிக்கொண்டிருக்கிறார். வாய்க்கால் பக்கம் வெளிச்சம் சரியில்லையாம். உரத் தண்ணீர் குபுகுபுவென்று வெளியே ஓடியது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். கையாலேயே சேற்றை அள்ளி அடைத்தேன்.

"சூப்பர்மா. கூடையோட இன்னொரு தடவ நடந்து வந்துடுங்க" என்றான் அவன்.

வீடியோ வந்தது. தலைப்பு, டெல்டாவின் ஆண் சிங்கம். மடை வெட்டுவது மெதுவாக, பின்னணி இசையோடு ஓடியது. நான் மடையை அடைத்த காட்சி அதில் இல்லை, கூடை மட்டும் இருந்தது. சிங்கத்துக்கு வடிகால் எது, வாய்க்கால் எது என்று தெரியாது என்பதை யாரும் கவனிக்கவில்லை. பயிர் வெளுத்துவிட்டது, மறுபடி உரம் போட்டேன். அதைத் தேற்றிவிடலாம். வேறு எதையோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

தண்ணீர் முறை சொல்கிறவர் எப்போதும் எனக்குத்தான் போன் பண்ணுவார். இந்தத் தடவை என் கணவருடைய போன் அடித்தது. எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, வீடியோ பாத்தேன், பிரமாதம். நாளைக்குக் காலையில உங்க முறை."

போனை என்னிடம் நீட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சரி தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "காலையில சாப்பாட்ட வயலுக்கே கொண்டாந்துடு."

"எந்த மடையத் தொறக்கணும்னு தெரியுமாங்க?" என்றேன்.

அவர் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.