மடிப்புக்கு ஒரு முருகா

விபூதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இன்றைக்கும் அதை நெற்றியில் இடாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை. என் பிள்ளைகளுக்கும் இட்டுத்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறேன். குறை ஏதாவது இருந்தது என்றால் அது பத்து வயதில் எனக்கிருந்த புத்தியில்தான் இருந்தது.

அந்த ஆண்டு தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், கடல் தாண்டி எங்கோ எரிந்த காட்டின் புகை சிங்கப்பூருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. செங்காங்கில் எங்கள் வீடு பதினோராவது மாடி. அங்கிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் அடுக்குமாடி புளோக்கே தெரியாது. பட்டப்பகலில் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. அம்மா சன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்து வைத்திருந்தார். அப்படியும் தலையணை உறையில்கூட எரிந்த வாடை அடித்தது.

எங்களுக்கு அது கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, அவ்வளவுதான். என் தம்பிக்கு அப்படி இல்லை. அவனுக்கு நான்கு வயது. கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் பள்ளம் பள்ளமாக உள்ளே போகும். சமையலறையில் அம்மா போனில் யாரிடமோ, “இந்தத் தடவை புள்ள தாங்குவானான்னே தெரியல” என்று அழுததைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சற்று நேரமானால் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

அவனை ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப் போக வேண்டிய தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. காரணம் எங்கள் கார். அப்பா அதை வாங்கியபோதே பழையது. ஏர்கானைப் போட்டால் வெளியே இருக்கும் புகையை அப்படியே உள்ளே கொண்டுவந்து முகத்தில் ஊதும். “இந்தக் காருல இவனைக் கூட்டிட்டுப் போறதும், புகையில நிக்க வைக்கிறதும் ஒண்ணுதான்” என்று அம்மா சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மாமா ஒரு யோசனையோடு வந்தார். அம்மாவின் தம்பி. ஊரிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. லீவு நாளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். காரின் முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தவர் கத்தினார்.

“அத்தான், இங்க பாருங்க. ஃபில்டருக்கு இடம் விட்டு வச்சிருக்கான், ஃபில்டர்தான் வைக்கல. சாமி மாடம் கட்டிட்டு சாமிய வைக்காத மாதிரி. இந்த பிளாஸ்டிக் மூடிய அறுத்துட்டு ஒண்ணு சொருகிட்டா முடிஞ்சது.”

“ஓடுற காரை நோண்டாத, மச்சான்” என்றார் அப்பா.

“நான் கப்பலையே நோண்டுறவன், அத்தான்!”

ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் தேதி கொடுத்திருந்த சனிக்கிழமை காலையிலேயே மாமா ஃபில்டரோடு வந்துவிட்டார். இரண்டு கையகலத்தில் ஒரு சட்டம். உள்ளே வெள்ளைக் காகிதம் விசிறி போல மடிப்பு மடிப்பாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இனிமே தம்பி கார்ல இழுக்குற ஒவ்வொரு மூச்சும் இது வழியாத்தான் வரணும் லா. புகை, தூசி எல்லாம் இங்கயே மாட்டிக்கும்.”

அம்மா குறுக்கே வந்தார். “இப்ப வேணாம். ராகு காலம் போகட்டும்.”

“அந்தப் புகை ராகு காலம் பாத்தா வருது, அக்கா?”

“வாயை மூடுடா. புள்ள மூச்சு விஷயம்.”

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைத்துத்தான் எடுப்போம். பள்ளிப் புத்தகம், புதுத் துணி, ஒரு தடவை மிக்ஸிகூட. அன்று ஃபில்டரும் போனது. அம்மா அதன் ஓரச் சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, முருகன் படத்துக்குக் கீழே தட்டில் வைத்தார். பக்கத்தில் விபூதிக் கிண்ணம். பிறகு அம்மா என் தம்பியைக் குளிப்பாட்டப் போனார். அப்பாவும் மாமாவும் மூடியை அறுக்கக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள்.

நான் மட்டும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சும் இது வழியாத்தான் வரணும் என்று மாமா சொன்னது காதிலேயே இருந்தது. அப்படியானால் இதற்குள் முருகன் இருந்துவிட்டால்? கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து முதல் மடிப்பில் போட்டேன். “முருகா, தம்பியக் காப்பாத்து.” அடுத்த மடிப்பில் ஒரு சிட்டிகை. மறுபடியும் முருகா. மடிப்புக்கு ஒரு முருகா என்று கடைசி மடிப்பு வரை போனபோது கிண்ணம் காலியாகிவிட்டது. விரலால் மெல்லத் தட்டி, வெளியே தெரியாதபடி விபூதியை மடிப்புக்குள் இறக்கினேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் என் மனசு லேசானது. நல்ல நேரம் வந்ததும் ஃபில்டரைத் தட்டோடு கீழே கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். மாமா காருக்குள் தரையில் மல்லாந்து கிடந்தபடி, மேலே பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டி வாங்கிச் சொருகினார்.

அப்பா காரை ஓட்ட, மாமா முன்னால் உட்கார்ந்தார். அம்மா, தம்பி, நான் பின்னால். நெடுஞ்சாலையில் முன்னே போகும் காரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அப்பா ஏர்கானின் காற்றாடியைக் குறைவாக வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “புகை வாடையே இல்ல. கோயிலுக்குள்ள போன மாதிரி வாசம் வருதுடா” என்றார். மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் கையைக் கூப்பி மடியில் மறைத்து வைத்துக்கொண்டேன்.

சிராங்கூன் சாலைக்குள் நுழைந்ததும் கார் நின்றுவிட்டது. தீபாவளிக் கூட்டம். புகையில் அலங்கார விளக்குகள் கலங்கலாகத் தொங்கின. முகமூடி போட்டுக்கொண்டு தேக்கா சந்தைப் பக்கம் ஜனம் போய்க்கொண்டிருந்தது. தம்பி ஒருமுறை இருமினான். அப்புறம் இன்னொன்று. அப்புறம் நிற்கவே இல்லை.

“நல்ல காத்து வரட்டும்” என்று அப்பா காற்றாடியை முழுசாக வைத்தார்.

முன்னால் இருந்த வட்டத் துவாரத்திலிருந்து மெல்லியதாக ஒரு வெண்மை வந்தது. வேறு யாரும் அதைத் தேடவில்லை. எனக்கு மட்டும் அது தெரிந்தது. தம்பியின் தோள்கள் ஏறி இறங்கின. இருமல் நின்று, பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. உதட்டைச் சுற்றி நிறம் மாறியது. அம்மா இழுப்பு மருந்துக் குப்பியை அவன் வாயில் வைத்து அழுத்தினார். “ஃபேனை இன்னும் வைங்க, இன்னும் வைங்க” என்று அப்பாவிடம் கத்தினார். இதற்கு மேல் வைக்க இடமில்லை என்று அப்பாவும் கத்தினார்.

ஃபேனை அடைங்க என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சாமி விபூதி தம்பியைக் கொல்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்? அதைச் சொல்கிற வாய் அழுகிப்போகும் என்றுதான் நினைத்தேன். சொல்லாவிட்டால் அவன் செத்துப்போவான். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். புகை குபுகுபுவென்று உள்ளே வந்தது.

“ஏய்! பைத்தியமாடி உனக்கு?” அம்மா என் கையில் ஓங்கி அடித்தார்.

மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கருப்புப் பேண்டைப் பார்த்தார். தொடையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை ஒரு விரலால் தேய்த்தார். எட்டி ஃபேனை அடைத்துவிட்டு, “பாப்பா, கண்ணாடிய ஏத்து” என்று மட்டும் சொன்னார். சட்டென்று கதவைத் திறந்து இறங்கினார்.

முன்னால் நின்ற ஒவ்வொரு காரின் மேலும் கையால் தட்டித் தட்டி, “பேபி சிக், பேபி சிக், ப்ளீஸ் லா” என்று கும்பிட்டுக்கொண்டே நடந்தார். கார்கள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின. அந்தப் புகைக்குள் முகமூடியில்லாமல் இருமிக்கொண்டு அவர் முன்னால் போக, அவர் முதுகைப் பார்த்தபடியே அப்பா காரை ஓட்டினார். தம்பி மூச்சை நான் எண்ணவில்லை. பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். முகத்தில் புகை போல மருந்து வரும் மூடியை வைத்தார்கள். நல்லவேளை, முருகன் கைவிடவில்லை. சாயங்காலத்துக்குள் அவனுக்கு மூச்சு சீரானது. அப்பா வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாமா அதற்குள் காரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழே போயிருந்தார். திரும்பி வந்தபோது நெற்றியில் புதிதாக விபூதிக் கீற்று இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஏது கோயில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா மட்டும் அந்த நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தப்பு என்னோடதுதான், அத்தான்” என்றார் மாமா. “அவசரத்துல ஃபில்டர தலைகீழா மாட்டிட்டேன். அதான் தூசி எல்லாம் உள்ள வந்துடுச்சு.”

அப்பா அவ்வளவு பேர் நடுவில் அவரைக் கிழித்துப் போட்டார். “கப்பலை நோண்டுறவனாம்! எம் புள்ளய நோண்டிட்டியேடா, பாவி!” மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் பெயர் எங்கள் வீட்டில் தலைகீழ் மெக்கானிக். அவர் கல்யாணத்தில்கூட, “மாலையையாவது நேராப் போடு மாப்ள” என்று கிண்டல் பண்ணினார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன ஆண்டு எங்கள் காரைச் சரிபார்க்க விட்டிருந்தபோது, ஃபில்டரை முன்னால் யாரோ தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள் என்று பட்டறைக்காரர் காட்டினார். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “ஒண்ணும் ஆகாது, அக்கா. எப்படிப் போட்டாலும் தூசியப் புடிக்கும். என்ன, கொஞ்சம் சீக்கிரம் அடைச்சுக்கும்.” தலைகீழாகப் போட்டாலும் தூசி உள்ளே வராது என்றால், மாமா அன்று யாருக்காகத் திட்டு வாங்கினார்? காலியான விபூதிக் கிண்ணத்தை யார் காலி செய்தது என்று அம்மா ஒருநாளும் கேட்காததும் அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அன்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு இதெல்லாம் தெரியாது. மாமா சொன்னதை ஒரு சொல் விடாமல் நம்பினேன். என் விபூதி இல்லை, மாமாவின் தப்புதான் என்றதும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. முருகனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். திட்டு வாங்கி முடித்த மாமா, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று கீழே போய் ஒரு கறிப்பஃப் வாங்கி வந்து நீட்டினார். “சாப்பிடு பாப்பா. தம்பிக்கு ஒண்ணும் இல்ல.”

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. தம்பியைச் சாகடிக்கப் பார்த்தவர் கையிலிருந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.