குக்கரில் வைத்த டின்

என் சமையல் பெருமை மொத்தமும் ஒரு தகர டின்னுக்குள் இருந்து வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. மலைமேல் இருக்கும் ஜெகதளாவில் எங்கள் தெருவில் பாயசம் என்றால் நான்தான், பால்கோவா என்றாலும் நான்தான். "எத்தனை நேரம் நின்னு கிண்டுனீங்க?" என்று கேட்பார்கள். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அதை ஏனுங்க கேக்கறீங்க" என்பேன். உண்மையில் கண்டென்ஸ்டு மில்க் டின்னைத் திறந்து ஊற்றி, பால் பவுடரும் நெய்யும் போட்டு, சீரியலில் விளம்பரம் ஓடி முடிவதற்குள் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையைக் கொட்டி, டின்னில் அடைத்தது என்னைப் போன்ற சோம்பேறிகளுக்காக அல்ல. கப்பலில் பசுவை ஏற்றிப் பார்த்து அலுத்துப்போன வெள்ளைக்காரர்களுக்குக் கெடாத பால் தேவைப்பட்டது. பிறகு பட்டாளத்துக்குத் தேவைப்பட்டது. அந்தப் பட்டாளத்தோடும் தோட்டத்துத் துரைகளோடும் எங்கள் மலைக்கும் ஏறி வந்திருக்க வேண்டும். சிலோனிலிருந்து திரும்பி வந்த பெரியவர்கள் இன்றும் 'டின் பால்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கரண்டியை நாக்கில் வழித்துக்கொண்டு, மேலே பால் கலக்காத தேத்தண்ணியைக் குடிக்கிறார்கள். துரைகள் போய்விட்டார்கள், டின் போகவில்லை. மழையில் மண் சரிந்து பால் வண்டி வராத நாட்களில் எங்கள் எல்லோருக்கும் டீ இதில்தான். அலமாரியில் ஒரு டின்கூட இல்லாத வீட்டை நான் வீடாகவே மதிப்பதில்லை.

வீடு என்றால் எங்களுக்கு வாடகை வீடு. என் கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் கீழ்தளத்தில் நாங்கள்; மாடியில் வீட்டுக்கார அக்கா, தனியாக. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, இந்த ஹோம்ஸ்டே நோய் பரவும்வரை. கோழி வளர்த்த கொட்டகைக்குக்கூட வெள்ளையடித்து, வாசலில் 'காட்டேஜ்' என்று போர்டு மாட்டினார்கள். கோழிகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பெயிண்டரோடு வந்த அக்கா, நாங்கள் குடியிருக்கும்போதே எங்கள் ஹாலின் பலகைக் கூரைக்குப் பளீரென்று வெள்ளை பெயிண்ட் அடிக்க வைத்தார். எதற்கு இத்தனை அன்பு என்று யோசிப்பதற்குள் விஷயம் வந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. சீசனுக்கு முன்னாடி ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

தேடினோம். காலியாக இருந்த வீடெல்லாம் டூரிஸ்டுக்காகக் காத்திருந்தது. மிச்சம் இருந்த ஒரே வழி, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கணவர் தினமும் மலையேறி வேலைக்கு வருவது. நான் பிறந்து வளர்ந்ததே அந்தப் பக்கம்தான். வேர்க்குருவோடு வளர்ந்தவளுக்குத்தான் ஸ்வெட்டரின் அருமை தெரியும். கீழே போகிற நினைப்பு வந்தாலே எனக்கு அழுகை முட்டியது.

என் முகத்தைப் பார்த்து அக்காவே ஒரு வழி சொன்னார். முன்பக்கத்தில் கெஸ்ட் தங்கட்டும், பின்பக்க அறைகளில் நாங்கள் இருந்துகொள்ளலாம், ஆனால் கெஸ்டுக்கு நான் சமைக்க வேண்டும். "அவிங்களுக்குப் பாயசமெல்லாம் ஆகாது கண்ணு. ஏதாச்சும் இங்கிலீஷ் ஸ்வீட்டு நாளைக்குச் செஞ்சு வையுங்க. தின்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்."

ஆக, வீடு ஒரு ஸ்வீட்டில் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த ஒரே தெய்வம் டின்தான். சென்னைப் பெண்மணி ஒருவரின் வீடியோ கிடைத்தது. டின்னைத் திறக்காமல் தண்ணீரில் முழுக வைத்து இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் உள்ளே பால் சிவந்து டாஃபியாகிவிடுமாம். அதை பிஸ்கட் மேலே ஊற்றி, வாழைப்பழத்தை வெட்டிப் போட்டால் இங்கிலீஷ் ஸ்வீட்.

சென்னையில் ஆகும். எங்கள் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அதில் போதிய சூடு இருக்காது. திறந்த பாத்திரத்தில் போட்ட பருப்பு அப்படியே முழித்துக்கொண்டிருக்கும். அதனால் மலையில் குடியேறியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில், குக்கர். வீடியோவில் அந்த அம்மா குக்கரைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு டின்னைக் குக்கரில் முக்கி விசில் விட்டேன். அதுவரைகூடத் தப்பில்லை. டின் முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று அவர் கடைசியில் சொன்னாராம். நான் கடைசிவரை பார்க்கவில்லை.

அக்கா சொன்ன நேரத்துக்கு முன்பே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹால் மேஜையில் பிஸ்கட் அடுக்கிய தட்டு தயார். கொதிக்கக் கொதிக்க டின்னை இடுக்கியில் தூக்கி வந்து, துணியைச் சுற்றிப் பிடித்து, ஓப்பனரைக் குத்தினேன்.

சீறிக்கொண்டு கிளம்பியது. முகத்தை விலக்கினேனோ, பிழைத்தேனோ. டின்னில் இருந்த அத்தனையும் நேராக அந்தப் புதுவெள்ளைக் கூரையில் போய் அப்பியது. பிறகு நூல் நூலாக மேஜைக்கு இறங்க ஆரம்பித்தது. வாழைப்பழமும் கத்தியுமாக நின்ற என் கணவர் அண்ணாந்து பார்த்து, "கலர் நல்லா வந்துருக்குது" என்றார். அந்தக் கத்தி என் கையில் இல்லாதது அவருடைய நல்ல நேரம்.

அக்கா வாசலில் நின்றார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். அடிபடவில்லை என்று தெரிந்ததும் உள்ளே வந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்து மேஜை விளிம்பில் வழிந்ததைத் தொட்டுத் தின்றார். இன்னொன்றும் தின்றார். "ருசி இருக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அவர் போனை எடுத்து பெயிண்டரைக் கூப்பிட்டதும் போய்விட்டது.

பெயிண்டர் பேசியது எங்களுக்கும் கேட்டது. சீசன் முடியும்வரை அவருக்கு நேரமில்லை. அப்புறம் மழை, பெயிண்ட் காயாது. சர்க்கரை பலகை இடுக்கில் இறங்கியிருந்தால் எறும்பு விடாது; பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார்.

"செரி கண்ணு. இந்த வருசம் கெஸ்ட்டு வேண்டாம். நீங்களே இருந்துக்குங்க."

"நெஜமாவாக்கா?"

"பின்னே? காசு குடுத்து வர்றவிங்க மல்லாந்து படுத்தா இதையத்தான பாப்பாங்க. நீங்கன்னாப் பரவால்ல."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அதே நேரத்தில் அந்த பிஸ்கட் தட்டை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலவும் இருந்தது. நாங்கள் மட்டும் வாடகையைக் கூழாங்கல்லாகவா கொடுக்கிறோம்?

என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பெயிண்ட்டுத்தானுங்க்கா? பலகையைக் கழட்டி, ஞாயித்துக்கெழமை நானே அடிச்சு..."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். நன்றாக அழுத்தியே மிதித்தேன்.

"அவருக்குப் பெயிண்ட் வாடை ஆகாதுங்க்கா" என்றேன்.