நேர்த்திக்காக டென்மார்க்கில் ஒரு மலை தேடிப் போனோம்

அம்மா சப்பாத்துக்குள் காலுறை போடவில்லை. காரில் ஏறும்போது அதைத்தான் முதலில் கவனித்தேன். வெளியே எட்டுப் பாகைக் குளிர்.

அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்த அன்று, அவர் பிழைத்து வந்தால் இந்த நாட்டின் மிக உயர்ந்த மலையில் வெறுங்காலோடு ஏறிச் செபமாலை சொல்வதாக அம்மா மாதாவுக்கு நேர்ந்துவிட்டார். அம்மா மன்னாரில் பிறந்தவர். அங்கும் மலை இல்லை, இங்கும் மலை இல்லை என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? அப்பா தேறிவிட்டார். திங்கட்கிழமை தொழிற்சாலைக்குத் திரும்ப டொக்டர் சம்மதித்துவிட்டார். அம்மா சம்மதிக்கவில்லை. நேர்த்தி முடியாமல் அப்பா வேலைக்கென்று வாசல் தாண்டக்கூடாதாம். அதனால் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் வசிக்கும் வைலே நகரிலிருந்து புறப்பட்டோம்.

ஹிம்மல்பியேர் என்றால் வானமலை. பெயரைக் கேட்டதுமே அதுதான் உயர்ந்தது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஒரு மணி நேர ஓட்டம். கார் நிறுத்தும் இடமே உச்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏற விரும்பினால் முதலில் ஏரிக்கரைக்கு இறங்க வேண்டும்! அப்பாவை மேலே ஒரு வாங்கில் இருத்திவிட்டு இறங்கினோம். கரையில் அம்மா சப்பாத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். பீச் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை, அடியில் வெள்ளைப் பூக்கள் பரவிக் கிடந்தன. பாதை செங்குத்து, வேரும் ஈரமும். ஏற அரை மணி நேரம் பிடித்தது.

உச்சியில் நிற்கும் செங்கல் கோபுரத்தடியில் அம்மா செபமாலை சொல்ல, நானும் அப்பாவும் அங்கிருந்த பலகையை வாசித்தோம். இந்த மலைக்குள் பாறையே இல்லையாம். பனியுகத்தில் பெரும் பனிப்படலம் நோர்வே, சுவீடன் மலைகளைச் சுரண்டிக் களியும் மணலும் கல்லுமாக இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டு உருகிப் போனதாம். வீதிக்கும் வீட்டுக்கும் இன்று தோண்டி எடுக்கும் சரளையும் அப்படி வந்ததுதான்.

"அப்ப இந்தக் கல்லுகளும் எங்களைப்போல வந்து சேர்ந்ததுகள்தான்," என்றார் அப்பா. "விசா ஆர் குடுத்தது?"

கடைசி வரியில் இருவரும் நின்றுவிட்டோம். இந்த மலை 147 மீற்றர். நாட்டில் மிக உயர்ந்தது மொல்ஹொய், 170.86 மீற்றர். அப்பா உதட்டில் விரலை வைத்தார். அம்மா கால் மண்ணைத் தட்டியபடி வந்து, என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். காலநிலையைப் பற்றி என்றார் அப்பா. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். என்றைக்காவது கோயிலில் யாராவது சொல்லி அம்மாவுக்குத் தெரியவந்தால், அன்றிலிருந்து அப்பா இருமினாலே அம்மா பயப்படுவார். சொல்லிவிட்டேன்.

"வகுப்பில கதைக்கப் பயந்து பள்ளிக்கூடத்தையே விட்டனி," என்றார் அப்பா. "வருசத்தில ரெண்டுதரம் வாய் திறக்கிறனி. அதில ஒருதரம் இஞ்சையோ திறக்கோணும்?"

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. "காரை எடுங்கோ."

மொல்ஹொய்க்கு இன்னும் அரை மணி நேரம். போக நினைப்பவர்களுக்கு: இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். காற்றுப் புகாத ஜாக்கெட் கட்டாயம். மேற்குக் கடலிலிருந்து வரும் காற்றை மறிக்க இந்த நாட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் மலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காரிலிருந்து ஐந்து நிமிட நடை, ஒரு பண்ணை, சில மாடுகள், புல்லுக்குள் ஒரு பழைய மாவாலையின் வட்டமான அரைகல். அதுதான் உச்சி.

"இதில ஏற என்ன கிடக்கு?" என்று கேட்டார் அம்மா.

"இஞ்சேரும், நீர் நேர்ந்தது உயரத்துக்குத்தானே," என்றார் அப்பா. "களைப்புக்கு நேரேல்லையே."

அம்மா கார்வரை திரும்பிப் போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தொடக்கத்திலிருந்து நடந்து வந்தார். கல்லில் கைவைத்து முழந்தாளிட்டார். ஒவ்வொரு மந்திரத்திலும் முதற்பாதியை அம்மா சொல்ல, மறுபாதியை அப்பா சொன்னார். ஒருவர் நிறுத்தினாலும் செபம் அறுந்துவிடும்.

பாதி செபமாலை முடியவில்லை, நாயோடு ஒரு வயதான டெனிஷ் தம்பதி வந்தார்கள். கல்லின் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டும்போல. அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தார். அப்பா செபத்தை விடாமல் என்னைப் பார்த்தார்.

நான் அவர்களிடம் நடந்து போய், அம்மா முடிக்கும்வரை கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று டெனிஷில் கேட்டேன்.