தெருமுனைக் குடங்கள்

சேலையூர் கேம்ப் ரோடில் இன்று காலை ஒரு தண்ணீர் லாரி என்னைத் தாண்டிப் போனது. நனைந்த ரப்பர் குழாயும் குளோரினும் கலந்த அந்த வாசனை என்னைப் பழைய தெருமுனைக்கே கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அப்போது வெறும் காலி மனை. விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் சமையலுக்கு ஓடிவிடுவார்கள். வரிசையைக் காப்பது எதிர்வீட்டு சரசம்மா. எழுபதைத் தாண்டியவர். ஒரே கடையில் வாங்கிய ஒரே பச்சைக் குடங்களை, கழுத்து நசுங்கலையும் அடிக் கீறலையும் பார்த்தே இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். "கழுத்து நசுங்கினது டீச்சர் வூட்டுது, அத்த ஏன் பின்னால தள்றே?" என்று அவர் போடும் சத்தத்தில்தான் நாங்கள் கண்விழிப்போம்.

மூளைக்கு வேலை, கொஞ்சம் நடை, நாலு பேரோடு பேச்சு என்று இன்று என் அம்மாவுக்கு டாக்டர் சொல்வதெல்லாம் சரசம்மாவுக்கு அந்த மனையிலேயே கிடைத்தது. கூடவே தினம் ஒரு சண்டையும்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. தெருவே கொண்டாடியது, நாங்களும்தான். சரசம்மா வீட்டோடு அடங்கிப்போனார். ஒரு வருஷம் போயிருக்கும். ஓட்டை விழுந்த இடத்தைக் காய்ச்சிய கரண்டியால் தேய்த்துத் தேய்த்து அவரே அடைத்திருந்த தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இது யார் வூட்டுதும்மா? எங்க வூட்டாண்டயே கீது, யாரும் வந்து எடுத்துக்கினு போவல."